மொத்தத் துண்டையும் ஃபார்மலினில் போடாதீர்கள்

எலும்பு, மூட்டு அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் அனுப்பும் சின்ன டப்பாக்களைத் திறப்பவள் நான்.

போன மாதம் குதிகால் எலும்பிலிருந்து எடுத்த துண்டு ஒன்று வந்தது. காசநோயா என்று பார்க்கச் சொல்லிச் சீட்டு. மூடியைத் திறந்ததுமே ஃபார்மலின் வாடை, திசு அழுகாமல் இருக்க ஊற்றுகிற திரவம். அதில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் சோதனைக்கு எதை வளர்ப்பது? எட்டு மாதக் கால் வீக்கம் அந்த நோயாளிக்கு. முதலில் சுளுக்கு என்றிருக்கிறார்கள், பிறகு வாதம் என்று மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி. ஒருவழியாக எலும்பை எடுத்துப் பார்த்த பிறகும், அதே காலை மறுபடி கீற வேண்டியதாகிவிட்டது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பாதத்தில் காசநோய் அரிதுதான். எலும்பு, மூட்டுக் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. பாதம் சட்டென்று நினைவுக்கு வராததில் தவறில்லை. ஆனால் வாரக்கணக்கில் வடியாத வீக்கம் என்றால் தயவுசெய்து நினையுங்கள். ஆரம்பத்தில் கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ முன்னதாகவே காட்டும். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்துக் காசநோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், பலருக்கு அப்படித்தான் இருக்கும். காரணம் தெரியும் முன்பே லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதும் ஆபத்து. அது காசக் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். வலி கொஞ்சம் குறையும், நோய் உள்ளேயே இருக்கும்.

சரி, நான் கேட்க வந்தது இதுதான். எடுக்கும் துண்டை இரண்டாக்குங்கள். ஒன்று ஃபார்மலினில், திசுப் பரிசோதனைக்கு. இன்னொன்று கிருமி நீக்கிய டப்பாவில், சலைனில், எங்களுக்கு. காசக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி சுமார் 2 மணி நேரத்தில் பதில் சொல்லும். முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதும் அதிலேயே தெரியும். எலும்பில் கிருமிகள் குறைவாக இருப்பதால் அது நெகட்டிவ் என்று வந்தாலும் விட்டுவிட முடியாது. வளர்ப்புச் சோதனைக்கு 6 முதல் 8 வாரம் வரை ஆகலாம், அதற்கும் துண்டு வேண்டும்.

சீழ் வடியும் புண்ணின் வாயைப் பஞ்சால் தொட்டு அனுப்பினால் போதாது. தோலில் ஒட்டியிருக்கும் வேறு கிருமிதான் அதில் வளரும், அதற்கே மருந்தும் எழுதப்படும். ஆழத்திலிருந்து எடுங்கள்.

சீட்டில் 'காசநோய் சந்தேகம்' என்று மறக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் சாதாரண வளர்ப்பாக எடுத்து, சில நாட்களில் 'கிருமி வளரவில்லை' என்று நாங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகப் பணியாளர்