பிள்ளையோடு இத்தாலி போனால் ஊர்களைக் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022 மே 15 அன்று நம் மாவட்டத்து நட்டாலம் தேவசகாயம் ரோம் நகருக்குள் இருக்கும் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு எங்கள் சொந்தபந்தங்களிடையே இத்தாலிப் பேச்சு அடிக்கடி வருகிறது. ஆனால் நாகர்கோவிலில் நாங்கள் விசாரித்த சுற்றுலாத் திட்டம் எல்லாமே ரோம், பைசா, புளோரன்ஸ், வெனிஸ் என்று தினம் ஒரு ஊர், விடிந்தால் பேருந்து. 4 வயதுப் பிள்ளைக்கு இது கொடுமை. நாங்கள் தனியாகவே போய் ரோமிலும் வெனிஸிலும் மட்டும் தங்கினோம், மகள் சிணுங்காமல் சந்தோஷமாகச் சுற்றினாள்.

6 வயதுக்குக் கீழே ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டணமே இல்லை என்பதைக்கூட எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ரோமில் உள்ள பழங்கால அரங்கமான கொலோசியத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், இருந்தாலும் பிள்ளைக்கும் சேர்த்து டிக்கெட் முன்பதிவு செய்துவிடுங்கள். பைசாவின் சாய்ந்த கோபுரத்தில் 8 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற விடமாட்டார்கள், அப்புறம் எதற்குச் சின்னப் பிள்ளையை அவ்வளவு தூரம் இழுத்துப் போக வேண்டும்? ரோமில் தெருவோரக் குழாய்களில் ஓடுவது நல்ல குடிதண்ணீர், பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டுதான், பிள்ளையின் தள்ளுவண்டியைத் தூக்கித் தூக்கியே தோள் விட்டுப்போகும். இத்தாலியில் இரவுச் சாப்பாட்டுக்கு 7 மணிக்கு முன்னால் பல உணவகங்கள் திறப்பதே இல்லை, பிள்ளை அதற்குள் தூங்கிவிடும், மதியமே நன்றாகச் சாப்பிட வைத்துவிடுங்கள்.

நம் மாவட்டப் பயண முகவர்கள் சின்னப் பிள்ளை உள்ள குடும்பங்களுக்கென்று இரண்டு ஊர் மட்டும் உள்ள திட்டம் ஒன்று போடட்டும். உங்கள் பயணப் பக்கத்திலும் இதைப் பற்றி எழுத வேண்டும்.

வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்