அரிட்டாபட்டி: காடி முதல் கலுங்கு வரை

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் நன்றாக வந்திருந்தன. தண்ணீர்தான் விட்டுப்போயிற்று. அதைச் சொல்லாமல் அந்த ஊர் விளங்காது.

அங்குள்ள ஏழு மலைகளும் பெரும்பாலும் மொட்டைப் பாறை. 1 ஹெக்டேர் பாறையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர். மண் தரையென்றால் நல்ல பங்கை மண்ணே குடித்துவிடும்; பாறையில் ஏறக்குறைய எல்லாமே வழிந்தோடும். பள்ளத்தில் தங்குவது சுனை. வெடிப்பில் இறங்கியது மெல்லக் கசிந்து ஊறும். மீதி, நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் பிடித்துக் கண்மாய்க்கு, அதாவது ஏரிக்குப் போகும். கண்மாய் பெருகினால், மிகுதி நீர் வெளியேறக் கல்லால் கட்டிய கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அரசு சொன்ன கணக்கு 200 சுனைகள், 72 ஏரிகள், 3 தடுப்பணைகள். ஆனைகொண்டான் கண்மாயும் இந்த வரிசையில்தான் வரும்.

இந்த மலைகளில் ஒன்றான கழிஞ்சமலைக் குகையின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள். நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளக்கோடு, வெட்டியிருக்கும். பாறையோடு ஒட்டி உள்ளே வழியப் பார்க்கும் மழைநீர், காடியைத் தொட்டதும் பிடி விட்டு வெளியே சொட்டும். அதற்குக் கீழேதான் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து. 1971இல் கண்டறிந்த கல்வெட்டில் நெல்வேலிச் சிழிவன் அதினன் வெளியன் பெயர், 2003இல் கண்டறிந்ததில் இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் பெயர். இருவரும் கொடுத்தது முழாகை, அதாவது குகை. இரண்டாயிரம் ஆண்டு தாண்டியும் நாம் அதைப் படிக்க முடிவதில் அந்தக் காடிக்குப் பெரும்பங்கு உண்டு. படம் எடுக்கச் சாக்பீஸால் எழுத்தை நிரப்புவது பெரிய கேடு: பாறைக் கீறலும் எழுத்தாகிவிடும், வாசகமே மாறிப்போகும். காலை, மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், எழுத்து தானாகத் தெரியும்.

193.215 ஹெக்டேர் என்பது பாரம்பரியத் தல அறிவிப்பின் எல்லை. தண்ணீர் அந்தக் கோட்டோடு நிற்காது. 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தானதில் ஊரே நிம்மதி அடைந்தது, உண்மைதான். ஆனால் பாறைக்கு வெடிதான் ஆபத்து என்றால், கண்மாய்க்கு அடிவாரத்து மண்ணே போதும். வரத்துக்கால் வாயில் ஒரு முழம் மண் அடைத்தால், நல்ல மழையிலும் தண்ணீர் பக்கத்து வயலை அறுத்துக்கொண்டு போகும், கண்மாய் பாதிகூட நிறையாது. வரத்துக்காலின் குறுக்கே குழாய் பதிக்காமல் பாதைக்குக் கிராவல் கொட்டினாலும் இதே கதிதான். சுனையில் சோப்புப் போடுவதையும் நிறுத்த வேண்டும். தேங்கிய தண்ணீரில் அது போக வழியில்லை.

புரட்டாசிக்குள் வரத்துக்கால்களைத் தூர்வாரி, கலுங்குக் கல் பெயர்ந்திருந்தால் சரிசெய்துவிட வேண்டும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு மண்வெட்டி எடுத்துப் பயனில்லை. அடுத்த முறை எழுதும்போது எந்த மலைத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று ஒரு வரைபடமும் சேர்த்து வெளியிடுங்கள்.

வாசகர்,
மேலூர்