குட்னா ஹோரா போய் வந்தேன், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நேற்று குட்னா ஹோரா போய் வந்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று அப்பா ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுவார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிராகிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய வெள்ளிச் சுரங்கங்கள் அங்கே இருந்தன. நம் நெய்வேலி நிலக்கரியால் வந்த ஊர் என்றால் இது வெள்ளியால் வந்த ஊர்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் செட்லெட்ஸ் எலும்புத் தேவாலயம். பயந்துவிடாதே அம்மா. 1278இல் ஒரு மடாதிபதி ஜெருசலேமிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து அங்கே தூவினாராம், அதிலிருந்து அந்த மண்ணில் அடக்கமாக வேண்டும் என்று எங்கெங்கோ இருந்து ஆசைப்பட்டார்கள், காசியில் உயிர் போக வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வதில்லையா, அப்படி. பிளேக், போர் என்று சாவு பெருகி, கடைசியில் 40,000 பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் சேர்ந்துவிட்டன. 1870இல் ஒரு மரச் சிற்பி அவற்றை அடுக்கி அலங்கரித்தார், நடுவில் தொங்கும் சரவிளக்குகூட எலும்புதான். உள்ளே போட்டோ எடுக்க விடுவதில்லை. அது சரிதான் என்று பட்டது, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அப்புறம் பஸ் பிடித்து ஊருக்குள் போய், ஹ்ராடெக் என்கிற பழைய மாளிகை. இப்போது அது வெள்ளி அருங்காட்சியகம். தலைக்கவசம், கையில் ஒரு விளக்கு, மேலே மாட்டிக்கொள்ள வெள்ளை அங்கி கொடுத்துச் சுரங்கத்துக்குள் இறக்குகிறார்கள். அந்தக் காலத்துத் தொழிலாளிகளும் வெள்ளைதான் போட்டார்களாம், இருட்டில் ஒருவருக்கொருவர் கண்ணில் பட வேண்டுமே. பின்பக்கம் ஒரு தோல் துண்டைக் கட்டிக்கொண்டு அதன்மேலேயே சறுக்கி இறங்குவார்களாம். சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடிகிறது, சில இடங்களில் குனிந்தே நடக்க வேண்டும், உளியும் சுத்தியலும் கொத்திய தடம் சுவரில் அப்படியே இருக்கிறது. வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

அப்போது உங்கள் ஞாபகம்தான் வந்தது அப்பா. உங்களுடையது திறந்தவெளிச் சுரங்கம், வேலையே வேறு, தெரியும். ஆனால் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, பம்பு ஓடிக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும் என்று நீங்கள் எப்போதோ ஒரு தடவை சொன்னீர்களே. இங்கேயும் அதே தண்ணீர்தான் பெரும் தொல்லையாக இருந்திருக்கிறது. மின்சாரப் பம்பு இல்லாத காலம். தோண்டியதை மேலே தூக்கக் குதிரைகளைப் பூட்டிச் சுற்றவிடும் பெரிய மர யந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள், பார்த்தால் நம் ஊர்ச் செக்கு மாதிரியே இருக்கிறது, அளவில் மட்டும் பல மடங்கு.

புனித பார்பரா தேவாலயம் வரை நடந்து போனேன். சுரங்கத் தொழிலாளிகளைக் காப்பவள் பார்பரா. 1388இல் ஆரம்பித்த கட்டடம் 1905இல்தான் முடிந்தது, போராலும் பணத்தட்டுப்பாட்டாலும் நடுவில் நின்று நின்று. உள்ளே வெள்ளை அங்கியோடு ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலை இருக்கிறது, நாணயம் அடிப்பவர்களைச் சுவரில் ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். கோயிலில் ராஜாவையும் சாமியையும் பார்த்திருக்கிறேன், வேலைக்காரனுக்கு இப்படி இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

அதனால் இத்தாலிய முற்றத்தை அவசரமாகத்தான் பார்க்க முடிந்தது. 1300இல் இரண்டாம் வென்செஸ்லாஸ் ராஜா இத்தாலியிலிருந்து ஆட்களை வரவழைத்து வெள்ளி நாணயம் அடித்த இடம், பேர் அப்படித்தான் வந்தது. பிராக் குரோஷன் என்ற அந்தக் காசு 1547 வரை வந்திருக்கிறது.

சாயங்காலம் செஸ்னெச்கா என்று ஒரு பூண்டு சூப் குடித்தேன். அம்மா, மிளகு மட்டும் தூக்கலாகப் போட்டிருந்தால் உன் பூண்டு ரசம்தான்! ரயிலில் ஏறினதும் தூங்கிவிட்டேன்.

அப்பா, அந்த பம்பு விஷயத்தை முழுசாக எழுதுங்கள். ராத்திரி ஷிஃப்டில் என்ன செய்வீர்கள், மழை பிடித்துக்கொண்டால் எப்படிச் சமாளிப்பீர்கள், எல்லாம். கண் சரியில்லை என்றால் நீங்கள் சொல்லச் சொல்ல அம்மா எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்