கேமராவுக்குத் தெரியாத வீக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் வீட்டிலேயே கைப்பயிற்சி செய்ய, அசைவைக் கண்காணித்து வழிகாட்டும் செல்போன் செயலிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2010-இல் வந்த, உடல் அசைவைக் கேமராவால் பார்க்கும் கினெக்ட் விளையாட்டுக் கருவியை வைத்து முன்பு இதையெல்லாம் முயன்றார்கள். 2017-இல் அதன் உற்பத்தியே நின்றுபோனது. இன்று சாதாரண போன் போதும் என்பது நல்ல செய்தி. 'இனி பிசியோதெரபிஸ்ட் தேவையில்லை' என்ற தொனிதான், அந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு உறுத்துகிறது.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தபின் தோள் இறுகுவது சகஜம். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொள்பவர்கள் பலர். 'கரண்ட் வைக்க' கூப்பிடும்போதுதான் சிக்கல் தெரியும். கதிர்வீச்சு மேசையில் கையைத் தலைக்குமேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும், கை போகாது. அதுவரை தினமும் நினைவுபடுத்தி எண்ணிச் சொல்ல ஒரு போன் இருந்தால் நல்லதுதான்.

ஆனால் கை வலித்தால் உடம்பு குறுக்குவழி தேடும். தோளைக் காதுவரை தூக்கி, இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, மணிக்கட்டை மேலே கொண்டுபோய்விடுவார்கள். மணிக்கட்டை மட்டும் பார்க்கும் செயலி சபாஷ் போட்டுவிடும். தோள், இடுப்பையும் சேர்த்துப் பார்க்கும் செயலிகள் இதைப் பிடிக்கும். ஆனால் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நிற்பவரிடம் அவையும் தடுமாறும். (உங்கள் படத்தில் இருப்பவர் இறுக்கமான டி-சர்ட்டில், காலி ஹாலில் நிற்கிறார்!) அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறுபோல் விறைப்பதை விரல்தான் கண்டுபிடிக்கும். கையில் நிணநீர் தேங்கி வளையல் இறுக ஆரம்பிக்கும் வீக்கத்துக்கு இரண்டு கையையும் டேப் வைத்து அளக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்கள் வீட்டுக்கே போகிறார்கள். செயலியின் பதிவு அவர்கள் கைக்கு வரட்டும். யாருக்குக் கை உயரும் கோணம் ஏறவே இல்லை, யார் பயிற்சியை விட்டுவிட்டார் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு முதலில் போகலாம்.

கட்டுரை தொடாத ஒன்று: அந்தக் கேமரா படம்பிடிப்பது மார்பில் அறுவை முடிந்த பெண்ணை. படம் போனைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை, கோணக் கணக்கு மட்டும் போனால் போதும். அதை முதல் திரையிலேயே தமிழில் சொல்லாத செயலியை என்னிடம் வருபவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

— பிசியோதெரபிஸ்ட் வாசகி, தருமபுரி