அந்த 4 இஞ்ச் ரிவால்வரும் உன்ற இடுப்பும்

கண்ணு,

நீ ஃபீனிக்ஸ்ல இருந்து அனுப்புன போட்டோவ உங்கப்பாவும் நானும் பார்த்தோம். டீசர்ட்டுக்குள்ள வலது பக்கம் பின்னால என்னமோ முட்டிட்டு நிக்குது, அதுக்குக் கீழ "மறைச்சு வெக்க இந்த 686 சரிப்படாதும்மா, வித்துட்டு குட்டியா அஞ்சு குண்டு ஜே ஃப்ரேம் ஒண்ணு வாங்கிக்கட்டுமா"ன்னு கேட்டிருக்க. விக்காத. அந்தச் சின்னது பாக்கெட்ல போட சுகமாத்தான் இருக்கும், ஆனா சுட்டுப் பார்த்தா தெரியும், எடை கம்மிங்கறதால கைய உதறும், பிடிக்க இடமும் இருக்காது, குறி பார்க்கற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல தூரமும் கம்மி. உன்ற ஸ்மித் அண்ட் வெஸன் 686 ரிவால்வர் குண்டு போடாமயே ஏறக்குறைய 40 அவுன்ஸ், அதாவது ஒரு கிலோவுக்கு மேல, அந்த எடைதான் 38 ஸ்பெஷல்ங்கற வலு கம்மியான குண்டு போட்டு சுடறப்ப கைக்கு ஒண்ணுமே தெரியாம பண்ணுது. ரேஞ்ச்ல நீ அத வெச்சு சுடறத நான் பார்த்திருக்கேன், அத விட்டுட்டு எதுக்கு இன்னொண்ணு.

அந்த போட்டோவ பெருசு பண்ணி மறுபடி பாரு. முட்டறது பேரல்ங்கற குழாயா? இல்ல, அது தொடைப்பக்கமா கீழ போயிருது. சிலிண்டரா? உன்ற 686 எல் ஃப்ரேம், அதாவது நடுத்தர சைஸ் ஒடம்பு, அதோட சிலிண்டர், குண்டு போடற உருளை, ஒண்ணரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல அகலம்தான், ஆனா அது பெல்ட்டுகிட்ட இடுப்போட ஒட்டி உக்காருது, உருண்டையா இருக்கறதால துணி அது மேல வழுக்கிட்டுப் போயிரும். முட்டறது கைப்புடியான கிரிப்போட அடிப்பக்கம். பெல்ட்டுக்கு மேல, பின்னால நீட்டிட்டு நிக்கற ஒரே பாகம் அதுதான், நீ குனியறப்ப சட்டைய மொதல்ல குத்தறதும் அதுதான். அதனால மொதல்ல கிரிப்ப மாத்து, ஹோல்ஸ்டர, அதாவது துப்பாக்கி உறைய, அப்பறம் பார்த்துக்கலாம். முக்காவாசிப் பேரு இத தலைகீழா பண்றாங்க, ஹோல்ஸ்டர் மேல ஹோல்ஸ்டரா வாங்கி ட்ராயர் நெறஞ்சு கெடக்கும், கிரிப் மட்டும் கம்பெனில இருந்து வந்தபடியே இருக்கும்.

இப்ப அதுல இருக்கற ரப்பர் கிரிப் ரேஞ்ச்சுக்கு நல்லதுதான், 357 மேக்னம்ங்கற வலுவான குண்டு போட்டா கைய காப்பாத்தும். ஆனா மறைச்சு வெக்கறதுக்கு ரெண்டு தொல்லை இருக்கு. ஒண்ணு, ஃப்ரேமோட இரும்புக்குக் கீழயும் நீண்டுட்டு இருக்கு, அந்த நீளம் முழுசும் வெளிய தெரியற நீளம். ரெண்டாவது ரப்பர் துணிய புடிச்சுக்கும், நீ குனிஞ்சு நிமிர்ந்தா சட்டை கீழ எறங்காது, கிரிப் மேலயே மாட்டி மடிஞ்சு நிக்கும், ஒவ்வொரு தடவையும் கைய விட்டு இழுத்து விடோணும், அத பார்க்கறவன் உடனே கண்டுபுடிச்சுருவான், துப்பாக்கி தெரியறத விட இந்த இழுத்து விடற பழக்கம்தான் ஆள காட்டிக்குடுக்கும். மரக் கிரிப்னா, அதுவும் செதுக்கு வேலை இல்லாம வழவழன்னு இருக்கறதுன்னா, துணி தானா எறங்கிரும்.

உன்ற துப்பாக்கில ஒரு வசதி இருக்கு. ஸ்மித் அண்ட் வெஸன் 1990கள்ல இருந்து பெரும்பாலும் ரவுண்ட் பட் ஃப்ரேம்தான் போடறாங்க, அதாவது கிரிப்புக்குள்ள இருக்கற இரும்போட அடி மூலை உருண்டையா இருக்கும். அதுக்கு மேல பெரிய சதுரக் கிரிப்பும் மாட்டலாம், இரும்ப ஒட்டியே செதுக்குன சின்னதும் மாட்டலாம். உனக்கு வேண்டியது ரெண்டாவது. கொஞ்சம் சின்னதான கே ஃப்ரேமுக்கும் எல் ஃப்ரேமுக்கும் கிரிப் அளவு ஒண்ணுதான், அதனால "கே எல் ரவுண்ட் பட்"னு போட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்கு. என்ற மாடல் 10 ரிவால்வர் பழைய ஸ்கொயர் பட், அடி மூலை சதுரமா இருக்கும், அந்தக் கிரிப் உனக்கு சேராது, கேக்காத. (மாடல் 10ங்கற நம்பர் 1957ல வெச்சது, துப்பாக்கி 1899லயே மிலிட்டரி அண்ட் போலீஸ்ங்கற பேர்ல வந்தது, உங்கப்பா இத வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு.) அதுல இருக்கற மெலிசான மேக்னா கிரிப்புக்கு ட்ரிகர் கார்டுக்குப் (ட்ரிகரச் சுத்தி இருக்கற வளையம்) பின்னால ஒரு சந்து இருக்கும், நடுவிரல் அங்க இடிக்கும், அத அடைக்கத்தான் டைலர் டி கிரிப்னு சின்னதா ஒரு உலோகத் துண்டு மாட்டிருக்கேன், அளவு ஏறாம பிடி மட்டும் நல்லாயிருது.

சின்னதா இருந்தா மட்டும் போதாது, கைக்கு சேரோணும். உன்ற கை என்ற கை மாதிரி சின்னது. கிரிப் பின்பக்க இரும்ப மூடுச்சுன்னா அந்தத் தடிமன் அளவுக்கு ட்ரிகர் தூரமாயிரும், டபுள் ஆக்சன் இழுக்க, அதாவது ட்ரிகரோட ஒரே இழுப்புல பின்னால இருக்கற ஹேமர்ங்கற சுத்தியத் தூக்கி அடிக்க வெக்க, விரல் எட்டாது, நீ கைய சுத்தித் திருப்பிப் புடிப்ப, குண்டு ஒரு பக்கமா போகும். பின்பக்கம் இரும்பு வெளிய தெரியற மாதிரி இருக்கற கிரிப்னா ட்ரிகர் கிட்ட வரும். பார்க்கற விதம் இதுதான்: சிலிண்டர தொறந்து குண்டு இல்லன்னு ரெண்டு தடவை பாரு, சுவத்துப் பக்கம் பாதுகாப்பான தெசைல நீட்டு, பேரலும் முழங்கையும் ஒரே கோட்டுல இருக்கறப்ப ஆள்காட்டி விரலோட மொதல் மடிப்பு ட்ரிகர் மேல உக்காரோணும். சுண்டு விரலுக்கு இடம் இல்லன்னா பரவால்ல, அடில மடிச்சு வெச்சுக்கோ, பழகிரும். விரல் பள்ளம் போட்டது வாங்காத, அது யாரோ ஒருத்தர் கைக்கு அளந்தது, அவசரத்துல எடுக்கறப்ப உன்ற விரல் மேட்டு மேல ஏறி உக்காந்துரும். எடது பக்கப் பலகைல மேல கொஞ்சம் குடைஞ்சிருக்கான்னும் பாரு, சிலிண்டர் எடது பக்கம்தான் தொறக்குது, அந்தக் குடைவு இல்லன்னா எல்லாக் குண்டையும் ஒரே தடவைல போடற ஸ்பீட்லோடர் கிரிப்புல இடிச்சு குண்டு பாதில நிக்கும். எத்தனை அழகான ரோஸ்வுட்டா இருந்தாலும் அது இல்லன்னா அலமாரிக்குத்தான்.

இப்படி மெலிசா போட்ட பின்னால முழு 357 சுட்டா உள்ளங்கை வலிக்கும், மொதல்லயே சொல்லிட்டேன். வெளிய போறப்ப 38 ஸ்பெஷல்லயே கொஞ்சம் வலுவான ப்ளஸ் பி போட்டுக்கோ, உன்ற துப்பாக்கி எடைக்கு அது ஒண்ணுமே இல்ல.

ஹோல்ஸ்டருக்குப் போறதுக்கு முன்னாடி பெல்ட். நீ போட்டிருக்கற அந்த ஃபேஷன் பெல்ட் ஒரு கிலோவத் தாங்காது, சாயங்காலத்துக்குள்ள பேண்ட் ஒரு பக்கம் தொங்கும், கிரிப் ஒடம்ப விட்டு வெளிய சாயும், அப்பறம் எந்தக் கிரிப் போட்டும் பிரயோசனம் இல்ல. ஒண்ணரை இஞ்ச் அகலம், ரெண்டு அடுக்கு லெதர், வளைக்கறப்ப வெறப்பா இருக்கோணும். ஹோல்ஸ்டரோட லூப்பும் அதே ஒண்ணரை இஞ்ச்தானான்னு பாரு.

ஹோல்ஸ்டர்ல ஆம்பளைங்க சொல்றத அப்படியே கேக்காத. அவங்க இடுப்பு நேரா எறங்கும், நம்மளது வளைஞ்சு வெளிய வரும். ஹோல்ஸ்டர் ஒசரமா உக்காந்தா இடுப்பெலும்பு பேரல வெளிய தள்ளும், கிரிப் உள்ள திரும்பி விலா எலும்புல குத்தும், எடுக்கறதுக்கு முழங்கைய காதுகிட்ட தூக்கோணும். எனக்கு ரொம்ப நாள் அந்தக் குத்தல் இருந்துச்சு, நம்ம கேஸ் ஸ்டேஷனுக்கு தெனமும் காபிக்கு வர்ற ரிட்டயர்ட் போலீஸ்காரர் ஒருத்தர்தான் பார்த்துட்டு கொஞ்சம் கீழ எறக்கி சாய்வ கம்மி பண்ணுன்னாரு. முன்பக்கமா ஏறக்குறைய 15 டிகிரி சாய்ச்சு வெக்கறத எஃப்பிஐ சாய்வுன்னு சொல்லுவாங்க, கிரிப்போட அடி மேல தூக்கி ஒடம்போட போகும், மறைக்க அது நல்லது, ஆனா குட்டையான ஒடம்புக்கு அதே விலாவுல குத்தும். நீ அஞ்சடி ரெண்டு, உனக்கு லேசான சாய்வு போதும், இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் பின்னால.

பேண்ட்டுக்கு உள்ள வெக்கறதா வெளிய வெக்கறதான்னா, உனக்கு உள்ளதான் சொல்லுவேன். 4 இஞ்ச் பேரல் உள்ள வெக்க நீளம்னு எல்லாரும் பயப்படறாங்க, நெசத்துல அந்த நீளம்தான் ஒதவி. 2 இஞ்ச் பேரல்னா பெல்ட்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, மேல சிலிண்டர் கனத்துல கவுந்து வெளிய சாயும். ஆழமா நட்ட கம்பம் ஆடாதில்ல, அந்த மாதிரி இது ஒடம்போட நிக்கும். சம்மர் ஸ்பெஷல்னு ஒரு டிசைன் உண்டு, ப்ரூஸ் நெல்சன் போட்டது, மில்ட் ஸ்பார்க்ஸ் செஞ்சு வித்தாங்க, லெதரோட சொரசொரப்பான பக்கம் வெளிய, வழவழப்பு துப்பாக்கிப் பக்கம், வாய்ல வெறப்பா ஒரு பட்டை, துப்பாக்கிய எடுத்த பின்னாலயும் வாய் மூடாது, ஒத்தக் கைல திரும்ப வெக்கலாம். அந்த மாடல்ல இப்ப பல பேரு செய்யறாங்க. எது வாங்குனாலும் அந்த வாய் தொறந்தே நிக்கோணும், ட்ரிகர் கார்டு முழுசா மூடியிருக்கோணும், இது ரெண்டும் இல்லன்னா வெலை எத்தனை கம்மியானாலும் வேண்டாம். எல்லாத் துப்பாக்கிக்கும் சேரும்னு நைலான்ல விக்கறாங்க பாரு, எல்லாத்துக்கும் சேரும்னா எதுக்கும் சேராது. உள்ள வெக்கறதுன்னா ஜீன்ஸ் இடுப்பு ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோ, அத வெச்சுட்டு குண்டாயிட்டேன்னு பொலம்பாத.

வெளிய மாட்டறதுன்னா பேன்கேக், ரெண்டு தட்டையான லெதர் சேர்த்துத் தெச்சது, முன்னயும் பின்னயும் பெல்ட் நொழையற வெட்டு இருக்கறதால ஒடம்போட இழுத்துப் புடிக்கும். மூணு வெட்டு இருக்கறதுன்னா சாய்வ மாத்திக்கலாம், எடது பக்கம் முன்னால, வலது கைல குறுக்க எடுக்கற க்ராஸ் ட்ராவாவும் மாட்டலாம், நீ பண்ணை பண்ணையா மாட்டு வைத்தியத்துக்கு மணிக்கணக்குல ட்ரக் ஓட்டறயே அப்ப க்ராஸ் ட்ரா சுகமா இருக்கும். ஆனா எதிர்ல நிக்கறவன் கைக்கு நேரா கிரிப் இருக்கும், அத மறந்துராத. ஹோல்ஸ்டரோட நுனி பெல்ட்டுக்குக் கீழ தெரியும்ங்கறதால சட்டையும் நீளமா வேணும். இங்க நான் கடைல ஜிப்பா மாதிரி நீளமா காட்டன் டாப் போட்டுக்கறேன், கட்டம் போட்டது, பூப்போட்டது, ஒத்தக் கலர்ல இறுக்கமா இருந்தாத்தான் மேடு பள்ளம் தெரியும். தோள்ல மாட்டறதுக்கு ஜாக்கெட் வேணும், ஃபீனிக்ஸ் வெயில்ல ஜாக்கெட் போட்டு நின்னா அதுவே சந்தேகம்தான். தொப்புள் பக்கம் முன்னால வெக்கறது சில பேருக்கு நல்லா சேருது, நீ கன்னுக்குட்டி இழுக்கறதுக்குக் குனியற ஆளு, எனக்கு அந்த யோசனையே புடிக்கல.

கைடெக்ஸா லெதரான்னு கேட்டிருந்த. கைடெக்ஸ்னா வெறப்பான ப்ளாஸ்டிக், வேர்வைக்கு அது நல்லது, லெதர் ஊறும், ஆனா ஒடம்போட ஒட்டி இருக்கறதுக்கு சுகம் லெதர்தான், சிலிண்டரோட உருண்டைக்கும் அது வளைஞ்சு குடுக்கும். லெதர் வாங்குனா உடம்புப் பக்கம் மேல நீட்டி வெச்ச மடல் இருக்கறதா பாரு, ஹேமர் தோல உரசாது. உன்றது ஸ்டெயின்லெஸ்னாலும் வீட்டுக்கு வந்ததும் தொடைச்சு வெய்யி, ராத்திரி லெதருக்குள்ளயே விட்டுட்டு தூங்காத.

திரும்ப உள்ள வெக்கறப்பதான் முக்காவாசி ஆபத்து. அவசரமே இல்லாத வேலை அது. சட்டைய எடது கைல தூக்கிப் புடி, விரல் ட்ரிகர்ல இல்லாம நீட்டி இருக்கோணும், கண்ணால பாரு, கட்டை விரல ஹேமர் மேல வெச்சுட்டே உள்ள தள்ளு. சட்டை நுனியோ கயிறோ ட்ரிகர்ல மாட்டுச்சுன்னா ஹேமர் பின்னால எழும்பும், விரலுக்குத் தெரிஞ்சிரும், நிறுத்திரலாம். ரிவால்வர்ல இருக்கற பெரிய வசதியே எனக்கு இதுதான்.

ஹேண்ட்பேக்ல மட்டும் போடாத. 2014 டிசம்பர் கடைசில ஐடஹோவுல ஹேடன்ங்கற ஊர்ல வால்மார்ட்ல, துப்பாக்கிக்குன்னே ஜிப் வெச்ச பேக்ல இருந்து 2 வயசுப் பையன் எடுத்து அம்மாவ சுட்டுட்டான், அந்தப் பொண்ணு போயிருச்சு. உன்ற அண்ணன் புள்ளைங்க லீவுக்கு வர்றாங்க. இடுப்புல இல்லாத நேரம் பூட்டுப் பெட்டில இருக்கோணும், தலகாணிக்கு அடில இல்ல.

அரிசோனால 2010ல இருந்து 21 வயசானா பர்மிட் இல்லாமயே மறைச்சு வெச்சுக்கலாம்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் பர்மிட் எடுத்துரு. மது விக்கற ஓட்டலுக்குள்ள போக அது வேணும், போனாலும் நீ குடிக்கக்கூடாது, வாசல்ல போர்டு போட்டிருந்தா உள்ளயே எடுத்துட்டுப் போகக்கூடாது. ஸ்கூலச் சுத்தி ஆயிரம் அடிக்குள்ள துப்பாக்கி கூடாதுங்கற மத்திய சட்டத்துக்கும் அந்த பர்மிட் கைகுடுக்கும். மலிபு கோயிலுக்குப் போறேன்னு ஐ-10ல கெளம்பற பாரு, கலிபோர்னியா வேற எந்த ஸ்டேட் பர்மிட்டையும் ஏத்துக்காது, எல்லைல இருக்கற கொலராடோ ஆத்தத் தாண்டறதுக்கு முன்னாடியே குண்ட எடுத்துட்டு பெட்டில பூட்டி டிக்கில வெய்யி, இல்லன்னா வீட்லயே விட்டுட்டுப் போ, சாமிகிட்ட போறதுக்கு அது எதுக்கு. உன்ற ரூம்மேட் எச்-1பில இருக்கறா, ஆசையா கேட்டான்னு அவ கைல குடுத்துராத, அந்த விசாக்காரங்க துப்பாக்கி வெச்சுக்கறது மத்திய சட்டப்படி தப்பு, ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான். அவளுக்கு க்ரீன் கார்டு வந்த பின்னால நானே சொல்லித் தர்றேன்.

இப்ப நீ செய்ய வேண்டியது, பெல்ட் போட்டு இடுப்பு சுத்தளவு எடு, மணிக்கட்டு மடிப்புல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அள, ரெண்டையும் வாட்ஸாப்புல போடு. உங்கப்பா கேராஜ்ல கே எல் ரவுண்ட் பட் மரக் கிரிப் ரெண்டு ஜோடி வெச்சிருக்காரு, சேர்றத சாதாப் பார்சல்லயே அனுப்பிடறேன், அது வெறும் மரக்கட்டைதான், துப்பாக்கிக் கடை வழியா வரோணும்னு இல்ல. ரப்பரக் கழட்ட அடில இருக்கற ஸ்க்ரூவ எடுத்தா போதும், கத்தி முனையெல்லாம் போட்டு நெம்பாத, அப்பா பொருந்தற ஸ்க்ரூட்ரைவரும் கூடவே வெக்கறாராம். பருப்புப்பொடியும் வெச்சிருக்கேன், அது தனி கவர்.

அம்மா