ஓட்டுப் போடாத சுந்தரத்துக்கு

ஈரோடு,
20-6-2024

அன்புள்ள சுந்தரம்,

இங்கே அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் தன் வழக்கமான எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. பேத்தி பிறந்த செய்தியை உன் தங்கை சொல்லியிருப்பாள். தேங்காய் மூட்டை விவகாரத்தை நீ இன்னும் மறக்கவில்லை என்பதும் உன் கடிதத்திலிருந்து தெரிந்தது. அதற்குப் பதிலை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கோபம்தான். ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் நீ வாக்களிக்கப் போகவில்லை என்று எழுதியதோடு நில்லாமல், போகாததற்கு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆண்டனி டவுன்ஸையும் துணைக்கு அழைத்திருந்தாய். முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தியவனுக்கு வீட்டில் படுத்திருப்பதற்கும் ஒரு கோட்பாடு தேவைப்படுகிறது! வாக்குகள் எண்ணி முடியட்டும், கோபமும் ஆறட்டும் என்று காத்திருந்தேன். எண்ணி முடித்துவிட்டார்கள்.

டவுன்ஸ் 1957இல் சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஒரு வாக்கினால் முடிவு மாறும் வாய்ப்பு மிகச் சிறியது, வரிசையில் நிற்கும் சிரமமோ நிச்சயமானது, ஆகவே லாப நட்டம் பார்ப்பவன் வீட்டிலேயே இருந்துவிடுவான் என்பது சரியாகத்தான் இருக்கிறது. 2016இல் இராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்ததையும், 2008இல் இராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி.ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றதையும் உனக்கு எழுதச் சொல்லி மணி அண்ணன் டீக்கடையில் வற்புறுத்தினார். நான் அவற்றை ஆயுதமாக எடுக்கப் போவதில்லை. அபூர்வமாக நடந்தவை என்பதால்தானே அவை நமக்கு ஞாபகம் இருக்கின்றன. 1968இல் ரைக்கர், ஆர்டெஷுக் என்ற இரண்டு அறிஞர்கள் கடமையைச் செய்த நிறைவையும் லாபப் பக்கத்தில் சேர்த்துக் கணக்கை நேர் செய்தார்கள். எனக்கு அது விடையைத் தெரிந்துகொண்டு வழியை எழுதியதாகவே படுகிறது. ஏன் போகிறார்கள் என்பதைப் போகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அத்தைக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. எண்பத்தைந்து கடந்தவர்கள் 12டி படிவம் கொடுத்தால் அலுவலர்களே வீட்டுக்கு வந்து வாக்கைப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு இம்முறை இருந்தது. படிவத்தை நானே வாங்கி வைத்தேன். வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் பேரனின் வண்டியில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். காரணம் கேட்டதற்கு, "ஊருக்குள்ளே எல்லோருக்கும் நான் அத்தை, ஆத்தா, இன்னார் வீட்டுக்காரி. என் பேரைச் சொல்லி ஒருத்தன் சத்தமாகக் கூப்பிடுவது அந்த ரூமுக்குள்ளே மட்டும்தானடா" என்றார். கட்சி முகவர்கள் காதில் விழும்படி முதல் வாக்குப்பதிவு அலுவலர் பெயரைப் படிப்பது நமக்கு வெறும் நடைமுறை. முதல் பொதுத்தேர்தலின்போது, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே எழுதிக்கொடுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்ததே, பெரும்பாலும் வட மாநிலங்களில், அதை நினைத்துப் பார்த்தால் அத்தையின் பிடிவாதம் எனக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. தருமபுரியில் இம்முறை 81 சதவீதம் பேர் வாக்களித்திருக்கிறார்கள். நீ குடியிருக்கும் மத்திய சென்னையில் 54 சதவீதம்கூட முழுதாக வரவில்லை. மற்ற நாட்களில் எந்த அலுவலகத்திலும் தன்னை ஒரு பொருட்டாக மதிக்காத அரசாங்கம் அன்று ஒரு நாள் தன் பெயரைத் தேடிப் பிடித்து டிக் அடிப்பது, நம்மைப் போல் பென்ஷனும் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கும் அதிகாரிகளும் உள்ளவர்களுக்கு ஒரு பொருட்டில்லாமல் போகலாம்.

"போகட்டும், ஆனால் யோசித்தா போடுகிறார்கள்?" என்பது உன் அடுத்த கேள்வி. நாம் இருவரும் வாக்களித்த 1980ஆம் ஆண்டை மறந்துவிட்டாயா? ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ இந்திரா காங்கிரஸும் தி.மு.க.வும் சேர்ந்த கூட்டணிக்குக் கொடுத்து, எம்.ஜி.ஆர். கட்சிக்கு இரண்டே இரண்டை விட்டு வைத்தார்கள். அந்த முடிவை நம்பி மத்திய அரசு மாநில ஆட்சியைக் கலைத்ததும், மே மாதக் கடைசியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடங்களைக் கொடுத்து எம்.ஜி.ஆரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். 2019இல் இடைவெளியே இல்லை. ஒரே நாளில் நடந்த வாக்குப்பதிவில் தருமபுரி நாடாளுமன்றத் தொகுதி தி.மு.க.வுக்குப் போனது, அதற்குள் அடங்கிய அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் சட்டமன்ற இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வுக்குப் போயின. டில்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்தவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும். சாதி பார்க்கிறார்கள், சின்னம் பார்க்கிறார்கள், வீட்டில் பெரியவர் சொன்னதைக் கேட்கிறார்கள், ஜெயிக்க மாட்டான் என்று தெரிந்தால் நல்லவனாக இருந்தாலும் "ஓட்டை வீணாக்குவானேன்" என்று விட்டுவிடுகிறார்கள். இவை எல்லாம் உண்மை. இத்தனைக்கும் நடுவில் ஒரு தீர்ப்பும் இருக்கிறது என்பதுதான் நான் சொல்வது.

பணத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் நீ மிக எளிதாக எழுதிய வரி, "விற்றுவிட்டவர்களைப் பற்றி என்ன பேச்சு" என்பது. வாக்குக்குப் பணம் கொடுத்ததற்காகப் பேர்போன 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு நடந்தவற்றை நான் மூடி மறைக்கவில்லை. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நின்றது, 2017இல் ஆர்.கே. நகரில், 2019இல் வேலூரில், எல்லாம் பணத்தினால்தான். ஆனால் வாக்கு இரகசியமாக இருக்கும்வரை இது விற்பனை ஆகாது. கொடுத்தவனுக்குச் சரக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வழியே இல்லை. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு மூன்றாமவனுக்குப் போட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. எதிராளி கொடுத்து நாம் கொடுக்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் வேட்பாளர்கள் கொடுக்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. பின் தெருவில் ஒரு பெண், கட்சிக்காரர்களின் பணக் கவர் எல்லா வீட்டுக்கும் வந்து தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று அழுதாள். தொகைக்காக அழவில்லை, அதை அவள் இரண்டே நாளில் சம்பாதித்துவிடுவாள். "எங்களை மனுசங்களாவே எண்ணலையே" என்றுதான் புலம்பினாள். சுந்தரம், அத்தையை வரிசையில் நிறுத்திய அதே ஏக்கம் இது. தானும் ஒருத்தி என்று எண்ணப்பட வேண்டும் என்ற ஆசையை அரசாங்கம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெயரைக் கூப்பிட்டுத் தீர்த்து வைக்கிறது, கட்சிக்காரன் கவர் கொடுத்துத் தீர்த்து வைக்கிறான். அவளை நீதி போதனையால் திருத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதன் விலை அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வசூலாகிறது. கொடுக்க முடிந்தவன் மட்டுமே நிற்க முடியும் என்றாகிவிட்டால், வாக்காளன் பொத்தானைத் தேடும் முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. 1996இல் பக்கத்து மொடக்குறிச்சியில் விவசாயிகள் தம் குறைகளைச் சொல்வதற்காகவே மனு தாக்கல் செய்து, 1033 பேர் களத்தில் நின்று, வாக்குச் சீட்டையே புத்தகமாக அச்சிட வைத்தார்கள். அன்று 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் அந்த ஆண்டே 5000 ஆனது. அது கேலிக்கூத்து என்று நீ அப்போது எழுதினாய். இப்போது நினைத்தால், எவனும் நிற்கலாம் என்ற நம்பிக்கையாவது அந்தக் கூத்தில் இருந்தது.

இவ்வளவும் எழுதுவதற்கு ஒரு உள்ளூர்க் காரணமும் உண்டு. எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் வரும் ஜனவரியில் முடிகிறது. நம் குப்புசாமியின் மகள் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறாளாம். கூட்டுறவுச் சங்கக் கணக்கில் நடந்த தில்லுமுல்லை ரசீதோடு கிராமசபையில் எழுப்பியவள் அவள்தான். ஆனால் கையில் காசில்லை, பெரிய உறவுக்கட்டும் இல்லை. எதிரில் நிற்கப் போகிறவன் என் பங்காளி மகன். அவன் ஜெயித்தால் எங்கள் தோட்டத்துப் பாதைக்குத் தார் விழும், இது நிச்சயம். அவளுக்கு நான் வெளிப்படையாகப் பிரச்சாரம் செய்யலாமா, அல்லது வாக்கை மட்டும் போட்டுவிட்டு வாய் மூடி இருப்பதா? என் மனைவி இரண்டாவதைச் சொல்கிறாள். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. பங்காளி இப்போதே எங்கள் வீட்டு ஓட்டுகளை மொத்தமாகத் தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறானாம். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

அன்புடன்,
துரைசாமி