கைல் ஹைன்ஸ் ஒதுங்கிப் போனவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத அமெரிக்க வீரர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கூடைப்பந்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கூடவே போட்டிருந்த பட்டியலில் கைல் ஹைன்ஸ் பெயருக்கு நேரே ‘என்.பி.ஏ. ஆட்டங்கள்: 0’ என்று மட்டும் போட்டு, வேறு வழியில்லாமல் ஐரோப்பாவுக்கு ஒதுங்கியவர்களோடு அவரையும் சேர்த்துவிட்டீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்த 0 சரிதான், மறுக்கவில்லை. நியூஜெர்சிக்காரரான ஹைன்ஸ், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்துக்காக ஆடியவர். கல்லூரிக் காலம் முழுவதும் சேர்த்து 2000 புள்ளி, 1000 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 300 பிளாக் (எதிராளி ஷாட்டைத் தட்டிவிடுவது) மூன்றையும் தாண்டினார். இதைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தும் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2008 டிராஃப்டில் எடுத்த 60 பேரில் அவர் இல்லை. காரணம் உயரம். வளையத்தடியில் நிற்கும் சென்டர் ஆட்டக்காரருக்கு 1.98 மீட்டர் போதாது என்று கைகழுவிவிட்டார்கள்.

அவர் போன இடம் ரோமுக்குத் தென்கிழக்கே இருக்கும் வெரோலி என்ற மலையூர். அந்த ஊர் அணி அப்போது இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் இருந்தது. இரண்டு சீசன் அங்கே, அடுத்து ஒரு சீசன் ஜெர்மனியின் பாம்பெர்க். 2011இல் பாம்பெர்க் லீக், கோப்பை இரண்டையும் வென்றபோது ஹைன்ஸும் அந்த அணியில் இருந்தார். அதே கோடையில் கிரீஸின் ஒலிம்பியாகோஸ் கூப்பிட்டது. கிரீஸ் கடன் நெருக்கடியில் தவித்த நேரம். கிளப் செலவைக் குறைத்து, தியோடோசிச் போன்ற பெரிய நட்சத்திரங்களை விட்டுவிட்டு, விலை குறைந்த ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த அணிதான் 2012 மே மாதம் இஸ்தான்புல்லில் ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கின் இறுதிப்போட்டிக்கு வந்தது. எதிரே மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. ஒலிம்பியாகோஸ் விட்டுவிட்ட தியோடோசிச் இப்போது அந்தப் பக்கம். மூன்றாவது குவார்ட்டரில் சி.எஸ்.கே.ஏ. 53–34 என்று முன்னிலை. பார்த்தவர்கள் முடிந்தது கதை என்றே நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை சி.எஸ்.கே.ஏ. எடுத்தது வெறும் 8 புள்ளி! கடைசி பத்து வினாடியில் அந்த அணியின் ஷிஷ்காவுஸ்காஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டார். ஒலிம்பியாகோஸின் ஸ்பானூலிஸ் உள்ளே ஓட்டிப்போய்ப் பந்தைக் கொடுக்க, பிரின்டேசிஸ் அதைத் தூக்கிப் போட, 62–61. மறுநாள் பேசப்பட்டது அந்தக் கடைசிக் கூடைதான். என்னைக் கேட்டால், எதிரணியை 8 புள்ளியில் அடக்கிய தடுப்பாட்டத்தில்தான் ஆட்டம் இருக்கிறது.

ஹைன்ஸின் ஆட்டமே அந்த வகைதான். யூரோலீக் ஆட்டங்களை நள்ளிரவு தாண்டி மொபைலில் பார்ப்பது என் வழக்கம். அவர் ஆடினால் பந்தை விட்டுவிட்டு அவர் காலைத்தான் பார்ப்பேன். பிக் அண்ட் ரோல் என்ற உத்தியில், பந்தைக் கொண்டுவரும் எதிரணி கார்டு, வழிமறித்து நிற்கும் தன் சக வீரனை (அதுதான் ஸ்கிரீன்) சுற்றி வருகிறான் என்று வையுங்கள். மற்ற சென்டர்கள் பின்வாங்கி வளையத்தடியில் நிற்பார்கள். ஹைன்ஸ் ஸ்விட்ச் செய்து, அதாவது காவல் ஆளை மாற்றிக்கொண்டு, தன்னைவிட வேகமான அந்தக் கார்டுக்கு நேரே போய்விடுவார். இடுப்பைத் தாழ்த்தி, கையை விரித்து, பாதத்தைத் தரையோடு தேய்த்தபடி பக்கவாட்டில் நகர்வார். குதிக்கவே மாட்டார். அவன் ஷாட்டுக்கு எழும்பும்போது மட்டும் அந்த நீளமான கை மேலே போகும். அடுத்த முறையே 2.10 மீட்டர் ஆள் ஒருவனுக்கு முன்னால் வந்து நின்று, பாஸ் வரும் வழியை அடைத்துக்கொண்டிருப்பார்.

ஐரோப்பாவில் 40 நிமிட ஆட்டம். என்.பி.ஏ.வில் உள்ள தடுப்பு மூன்று வினாடி விதி அங்கே கிடையாது. அதாவது தடுப்பவர் வளையத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று சக வீரருக்கு உதவலாம். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே படிக்கத் தெரிந்த ஆளுக்கு அந்தச் சுதந்திரம் பெரிய வரம். யூரோலீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 2016, 2018, 2022 என்று மூன்று முறை கொடுத்தார்கள். மூன்றாவது முறை அவருக்கு வயது 35.

2013இல் ஒலிம்பியாகோஸுடன் லண்டனில் ரியால் மாட்ரிட்டை 100–88 என்று வென்று மறுபடியும் யூரோலீக் கோப்பை. அப்புறம் அவரை வாங்கியது யார் தெரியுமா? இஸ்தான்புல்லில் தோற்ற அதே சி.எஸ்.கே.ஏ. ஏழு சீசன் மாஸ்கோவில். 2016இல் பெர்லினில் ஃபெனர்பாச்சேவை ஓவர்டைமில் 101–96, 2019இல் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை 91–83. ஆக நான்கு யூரோலீக் கோப்பைகள். 2020இல் மிலானுக்குப் போய், 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று இத்தாலிய பட்டங்கள் வென்றுவிட்டு ஓய்வு பெற்றார்.

இது சொகுசான பிழைப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பிய நாடுகளின் லீக்குகள் பலவற்றில் வெளிநாட்டு வீரர் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு உண்டு. நான்கு ஆட்டம் தோற்றால் முதலில் பெட்டி கட்டச் சொல்வது வெளிநாட்டுக்காரனைத்தான். மொழி தெரியாத ஊர், வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம், ஓயாத விமானப் பயணம். இதில் 16 வருடம் நிலைத்து நிற்பது சாதாரண விஷயமா?

நானும் கல்லூரியில் போஸ்ட், அதாவது வளையத்தடி இடத்தில் ஆட ஆசைப்பட்டவன். உயரம் பத்தாது என்று சொல்லி ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேனோ என்னவோ. இன்றைக்கும் பள்ளி மைதானங்களில் அதே பேச்சைக் கேட்கும் பையன்கள் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

அடுத்த இதழில் அந்தப் பட்டியலைத் திருத்திப் போடுங்கள். ‘என்.பி.ஏ. ஆட்டங்கள்: 0’ அப்படியே இருக்கட்டும். அதற்குப் பக்கத்திலேயே ‘யூரோலீக் கோப்பைகள்: 2012, 2013, 2016, 2019’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்